ஒலிநூல் கேட்டால் படித்ததாக ஆகுமா? எதைக் கேட்கலாம், எப்படிப் பரிந்துரைக்கலாம்?

"அந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டேன்."

"படிச்சியா, கேட்டியா?"

"கேட்டேன்..."

"அப்போ படிக்கல!"

ஒலிநூல் கேட்பவர்கள் பலர் இப்படி ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள். ரயிலில் நின்றுகொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே, ஜொகூர் பாலத்தில் கார் நகராமல் நிற்கும்போது ஒரு முழு நாவலையும் கேட்டு முடித்தவரிடம், "அது கணக்கில் வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் வருமா, வராதா? வரும் என்றால் எந்தப் புத்தகத்தைக் கேட்பது? அதைவிட முக்கியம், நண்பருக்கு எப்படிச் சொல்வது?

கேட்பதும் படிப்பதும் ஒன்றா?

கதையைப் பொறுத்தவரை, ஏறக்குறைய ஒன்றுதான்.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 91 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 'அன்புரோக்கன்' என்ற புத்தகத்தின் பகுதிகளை மின்னூலாகப் படித்தது. இன்னொரு குழு அவற்றையே கேட்டது. மூன்றாவது குழு இரண்டையும் ஒருசேரச் செய்தது. உடனே சோதித்தார்கள், இரு வாரம் கழித்தும் சோதித்தார்கள். மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

2019இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 பேரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அதே கதைகளை அவர்கள் ஒருமுறை கேட்டார்கள், இன்னொரு முறை படித்தார்கள். சொல்லின் பொருளைப் புரிந்துகொள்ளும் வேலையில் மூளை இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இயங்கியது.

சரி, அப்போ பாடப்புத்தகத்தையும் கேட்டே ஓட்டிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

2010இல் உளவியல் படிக்கும் மாணவர்களிடம் வேறொரு சோதனை நடந்தது. பாடம் தொடர்பான கட்டுரையைச் சிலர் படித்தார்கள், சிலர் ஒலிப்பதிவாகக் கேட்டார்கள். பிறகு வைத்த சோதனையில் படித்தவர்கள் எடுத்தது சராசரியாக 81 விழுக்காடு. கேட்டவர்கள் எடுத்தது 59.

ஏன் இந்த இடைவெளி? கடினமான வரி வந்தால் கண் தானாகவே பின்னால் போய் மறுபடி படிக்கும். தலைப்பு, பத்தி, தடித்த எழுத்து எல்லாம் எது முக்கியம் என்று காட்டிக்கொடுக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. வாசிப்பவர் நமக்காக நிற்கமாட்டார். அதோடு, கேட்கும்போது மனம் அலைபாய்வது அதிகம் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் கதையில் யார் செத்தார் என்பதே தெரியாமல் போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

ஆக, நாவல், வாழ்க்கை வரலாறு, பயண நூல் என்றால் தாராளமாகக் கேளுங்கள், "படிச்சிட்டேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். தேர்வு இருக்கிறதா? புத்தகத்தைத் திறந்துவிடுங்கள்.

யாருக்காகத் தொடங்கியது?

"ஒலிநூல் சோம்பேறிகளுக்கு" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்கள் பலர். வளர்ந்த பிறகு பிரெய்ல் எழுத்தைக் கற்பது எல்லோருக்கும் கைகூடவில்லை. 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளில் புத்தகங்களைப் பதிவுசெய்து அத்தகையவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிரிட்டனின் சேவை தொடங்கியது 1935 நவம்பரில். முதலில் வெளிவந்த நூல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலான 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. ஒரு நாவலுக்கு ஏறத்தாழ 10 தட்டுகள். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடவேண்டும். கொலைகாரன் யார் என்று தெரியப்போகும் நேரத்தில் தட்டு முடிந்துபோனால் எப்படி இருந்திருக்கும்!

அது கார் ஓட்டுபவர்களின் கைக்கு வந்தது 1970களில். டுவால் ஹெக்ட் என்பவர் ஒலிம்பிக் படகோட்டப் போட்டியில் தங்கம் வென்றவர். கலிஃபோர்னியாவில் வேலைக்குக் காரில் போய்வரும் நீண்ட நேரம் அவருக்குச் சலித்துப்போனது. வானொலியும் பிடிக்கவில்லை. 1975இல் முழுப் புத்தகங்களைக் கேசட்டில் பதிந்து வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆடிபிள் 1995இல் வந்தது. அதை 2008இல் அமேசான் வாங்கியது.

பார்வையற்றோருக்கான அந்த முதல் நோக்கம் இன்றும் மறையவில்லை. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை ஒலி வடிவில் மாற்றவும், அவற்றை நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்கிறது 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கை. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. சிங்கப்பூர் 2015இலேயே சேர்ந்துவிட்டது, மலேசியா 2022இல்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 59.2 விழுக்காடு. 2010இல் அது 41.6 விழுக்காடு.

இந்த எண்களுக்குப் பின்னால் நம்மில் பலரும் இருக்கிறோம். பாட்டி பேசினால் புரியும். படத்தில் வசனம் புரியும். ஆனால் 400 பக்கத் தமிழ் நாவலைக் கையில் கொடுத்தால், முதல் பக்கத்திலேயே வேகம் குறைந்து, மூன்றாம் பக்கத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறோம். தமிழ் தெரியாததால் அல்ல. காது பழகிய அளவுக்குக் கண் பழகவில்லை, அவ்வளவுதான்.

அங்கேதான் ஒலிநூல் கைகொடுக்கிறது. "போயிட்டு வந்துட்டேன்னு சொன்னாப்ல" என்று அச்சில் பார்க்கும்போது எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. யாராவது சொல்லிக் கேட்டால் ஒரு நொடிகூட ஆகாது. எழுத்துத் தமிழும் அப்படித்தான். நீண்ட வாக்கியத்தை எங்கே பிரிக்கவேண்டும் என்பதை நல்ல வாசிப்பாளர் நமக்காக முன்கூட்டியே செய்துவிடுகிறார்.

கேட்பது மட்டும் போதுமா? எழுத்து வேகம் கூடவேண்டும் என்றால் போதாது. அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே கேட்பது நல்ல வழி. தைவானில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களிடம் இதைச் சோதித்தபோது, வெறுமனே கேட்டதைவிடக் கேட்டுக்கொண்டே படித்தபோது அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரிந்தது. பெரும்பாலோர் அந்த முறையையே விரும்பவும் செய்தார்கள். தமிழில் தடுமாறும் தம்பி தங்கைக்கு இதைச் செய்து பார்க்கலாம். முதல் அத்தியாயம் மட்டும், அதுவும் குறைவான வேகத்தில்.

பரிந்துரைக்கும்போது என்ன சொல்லவேண்டும்?

அச்சுப் புத்தகம் என்றால் பெயரும் ஆசிரியரும் சொன்னால் போதும். ஒலிநூலில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். வாசிப்பவர். அவரைச் சொல்லாத பரிந்துரை பாதிப் பரிந்துரைதான்.

ஹேரி பாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் பதிப்பை வாசித்தவர் ஸ்டீஃபன் ஃபிரை. அமெரிக்கப் பதிப்பை வாசித்தவர் ஜிம் டேல். ஒரே ஒரு பாகத்துக்கு 130க்கும் மேற்பட்ட குரல்களைப் பேசி ஜிம் டேல் கின்னஸ் சாதனை படைத்தார். எழுத்து கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் ஒருவரைக் கேட்டு வளர்ந்தவருக்கு இன்னொருவர் ஒத்துவராது. ரசிகர்கள் இதற்காக இன்னும் சண்டை போடுகிறார்கள்.

சில நூல்கள் கேட்கும்போதுதான் முழுமையாகின்றன. ஆண்டி வியரின் 'புராஜெக்ட் ஹெயில் மேரி'யை ரே போர்ட்டர் வாசித்திருக்கிறார். அதில் ஒரு பாத்திரம் பேசுவது சொற்களில் அல்ல, இசைச் சுரங்களில். அச்சில் அதைக் கற்பனைதான் செய்யவேண்டும். ஒலிநூலில் அந்தச் சுரங்களையே கேட்கலாம். (அது யார் என்று சொல்லமாட்டேன், கேளுங்கள்.) டிரெவர் நோவாவின் 'பார்ன் எ கிரைம்' இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த கதையை அவரே சொல்கிறார். இடையிடையே ஸோசா, ஸூலு மொழிகளுக்கு மாறுகிறார். ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று தாவும் நமக்கு அது நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் த பார்டோ'வுக்கு 166 குரல்கள். கேட்கப் பிரமாதம்தான், ஆனால் முதல்முறை ஒலிநூல் கேட்பவருக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். ஓடிவிடுவார்.

அடுத்தது நீளம். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 9,000 சொற்களை வாசிக்கிறார்கள். 80,000 சொல் நாவல் என்றால் சுமார் 9 மணி நேரம். போக 40 நிமிடம், வர 40 நிமிடம் ரயிலில் கேட்டால் ஏழு வேலை நாளில் முடிந்துவிடும். "டைம் இல்லப்பா" என்று சொல்லும் நண்பரிடம் பக்கக் கணக்கைச் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

எந்த நேரத்துக்கு ஏற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கோலாலம்பூருக்குக் காரில் போகும்போது விறுவிறுப்பான கதை சரி. தூங்கப்போகும் முன் அதே கதை வேண்டாம். ஒன்று, தூக்கம் வராது. அல்லது உறங்கிப்போய், மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடவேண்டும். இதற்காகவே பல செயலிகளில் உறக்க டைமர் உண்டு.

தமிழில் எதைக் கேட்கலாம்?

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில்தான் பலரும் தொடங்குகிறார்கள். 1950களில் வார இதழில் தொடராக வந்த கதை என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி இருக்கும். அது காதுக்கு மிகவும் பொருந்துகிறது. நாடகம்போல் பல குரல்களில் பாம்பே கண்ணன் தயாரித்த பதிப்பு தமிழ் ஒலிநூல் ரசிகர்களிடையே நன்கு அறியப்பட்டது. ஆனால் ஐந்து பாகம் என்பதை நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சிறுகதையில் தொடங்குவேன். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பெரும்பாலும் உரையாடல்தான். சென்னைத் தெருவில் கடவுளைச் சந்திக்கும் ஒருவர் அவரைக் காப்பி குடிக்க அழைத்துப்போகிறார். அந்தக் கிண்டல் தொனியைச் சரியாகப் பிடிக்கும் குரல் கிடைத்தால் நீங்கள் ரயிலில் தனியாகச் சிரிப்பீர்கள். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுத் தமிழ் அச்சில் நமக்குக் கொஞ்சம் கடினம், காதில் எளிது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நம் வட்டாரக் கதை. இரண்டாம் உலகப் போர்க்கால மேடான், பினாங்கு என்று நகரும். அதை வாசிப்பவருக்கு மலாய்ச் சொற்கள் நாவில் வரவேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலுக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்ட நூல்களுக்கு இந்த ஊர்க் குரல்களே வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

இயந்திரக் குரல் சரிவருமா?

ஆங்கிலத்தில் வேகமாக முன்னேறுகிறது. தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'பாவம்' என்று எழுதியிருக்கிறது. அது செய்த பாவமா, நடனத்தில் காட்டும் பாவமா? இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம், உச்சரிப்பு வேறு. பொருள் புரிந்தால்தான் சரியாகச் சொல்லமுடியும். இதோடு ல, ள, ழ வேறு. மனிதர்களே தடுமாறும் இடம்! வாங்கும் முன் மாதிரிப் பகுதியை ஐந்து நிமிடம் கேளுங்கள், தெரிந்துவிடும்.

எங்கே கிடைக்கும், காசு ஆகுமா?

தேசிய நூலக வாரிய உறுப்பினராக இருந்தால் லிபி செயலியில் ஒலிநூல்களை இலவசமாக இரவல் பெறலாம். மின்வடிவம்தானே, ஏன் வரிசையில் காத்திருக்கவேண்டும் என்று கேட்கலாம். நூலகம் வாங்குவது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர் கேட்பதற்கான உரிமம். அதனால்தான் அலமாரிப் புத்தகம்போல அதற்கும் காத்திருப்பு. பிரபலமான நூலுக்கு இன்றே முன்பதிவு செய்துவிட்டு, வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருங்கள். தமிழ் நூல்களின் எண்ணிக்கை ஆங்கிலம் அளவுக்கு இல்லை. மொழி வடிகட்டியைப் பயன்படுத்தித் தேடினால் நேரம் மிச்சம்.

ஸ்டோரிடெல், குக்கூ எஃப்எம் போன்ற செயலிகளிலும் தமிழ் உண்டு. பாக்கெட் எஃப்எம்மில் இருப்பவை பெரும்பாலும் புத்தகங்கள் அல்ல, ஒலிக்காகவே எழுதப்பட்ட முடிவில்லாத் தொடர்கள். அத்தியாயம் அத்தியாயமாகக் காசு கட்டினால், கடைசியில் எவ்வளவு செலவானது என்று பார்த்தால் திக்கென்று இருக்கும்.

யூடியூப்? அங்குதான் கவனம் தேவை. எழுத்தாளர் இறந்து சிங்கப்பூரில் 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு, மலேசியாவில் 50 ஆண்டுவரை காப்புரிமை நீடிக்கும். புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல், ஆகவே அவர் எழுத்தை யாரும் வாசித்துப் பதிவேற்றலாம். 2008இல் மறைந்த சுஜாதாவுக்கு அது பொருந்தாது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுத்துக்கு உரிமை முடிந்திருந்தாலும் வாசித்தவரின் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அடுத்தமுறை நண்பர்கள் குழுவில் ஒரு சுட்டியைப் போடும் முன், அந்த ஒளிவழி அனுமதி பெற்றதா என்று விளக்கக் குறிப்பில் ஒரு பார்வை பாருங்கள். அனுமதி இருந்தால் பெரும்பாலும் அங்கேயே பெருமையாகச் சொல்லியிருப்பார்கள்.