முத்துப்பார் முதல் மூழ்கிய கப்பல் வரை

இலங்கைக் கடலில் எங்கே முக்குளிப்பது என்பதை முதலில் தீர்மானிப்பது காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளிக்கும். மழை வெள்ளம் கொண்டுவரும் சேறு கரையோர நீரைக் கலக்கிவிடும். அதே காலத்தில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் தெளிந்து கிடக்கும். வாடைக் காற்று எழுந்ததும் நிலைமை தலைகீழாகும். விடுமுறைக்கு வருபவரை டிசம்பரில் இக்கடுவைக்கும் ஜூலையில் நிலாவெளிக்கும் அனுப்புவது இதனால்தான். ஆனால் அந்தந்தக் கரையில் எந்தப் பார், எந்தப் பாறை, எந்தக் கப்பல் என்ற பட்டியலைச் சுற்றுலாத் தொழில் உருவாக்கவில்லை. முத்தெடுத்தவர்கள், பாறையில் மோதிய மாலுமிகள், குண்டு போட்ட விமானங்கள், வலை கிழிந்த மீனவர்கள் என வேறு வேறு காரியமாகக் கடலுக்கு வந்தவர்கள் விட்டுச் சென்ற அடையாளங்களே பெரும்பாலும் இன்றைய முக்குளிப்பு இடங்கள்.

பழமையான இடங்கள் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள். கடலடியில் பாறைத்தளமாகப் பரந்து சிப்பி படியும் மேட்டுக்குப் பார் என்று பெயர். ஆங்கிலேய ஆவணங்களும் அந்தச் சொல்லை மாற்றாமலே எடுத்துக்கொண்டன. பெரிய பார், மோதரகம் பார் என்ற பெயர்கள் அவற்றின் வரைபடங்களில் உண்டு. குளிக்க வருபவர்கள் தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் பக்கத்தவர்கள். அரபு நாடுகளிலிருந்தும் வந்தார்கள். எந்தப் பாரில் இறங்குவது என்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை. முத்துப்பார்களுக்கான அரசு அதிகாரி முன்கூட்டியே சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பித்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை விலை மதிக்கச் செய்வார். கணக்குக் கட்டுப்படியானால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். சிப்பி இளசாக இருந்தால் அந்த ஆண்டு பார் சும்மா கிடக்கும்.

அறிவிக்கப்படும் காலம் மார்ச், ஏப்ரல். வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத இடைவெளி அது. நள்ளிரவையொட்டித் தரைக்காற்றில் படகுகள் கிளம்பும். பொழுது விடிந்ததும் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குளிப்பார்கள். பிற்பகலில் கடற்காற்றில் கரை திரும்புவார்கள். ஆழம் 9 மீட்டரிலிருந்து 18 மீட்டர் வரை. ஒரு மூச்சுக்கு ஒரு நிமிடம், சிலருக்குச் சற்று அதிகம். சுறாவைக் கட்டுப்படுத்த மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கு ஆங்கிலேய அரசே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இருந்ததென்று சொல்ல முடியாது; அவர் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பது தெரிந்திருந்தது. 1905இல் மரிச்சுக்கட்டி முகாமில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். மறு ஆண்டே பார்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போயின. 1907க்குப் பின் பல ஆண்டுகள் எடுப்பதற்குச் சிப்பியே இல்லை. 1925க்குப் பிறகு பெரிய குளிப்பு நடக்கவில்லை.

மூச்சுக் கருவியோடு முக்குளிப்பது 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞனும் உருவாக்கிய சாதனத்தால் பரவியது. இலங்கையில் அதற்கு வழிவகுத்தவர்கள் 1956இல் வந்து சேர்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். உள்ளூர்க் கடலையும் மீன்களையும் நன்கறிந்த ராட்னி ஜோங்க்ளாஸ் அவர்களுக்குத் துணை நின்றார். மூவரில் எழுத்தாளரின் பெயரே உலகம் அறிந்தது. கடலடியில் அதிக நேரம் கழித்தவர்கள் மற்ற இருவர்தான்.

1956இலேயே அவர்கள் திருகோணமலைச் சுவாமிமலையின் அடிவாரத்தில் இறங்கியபோது செதுக்கிய கற்களும் தூண்களும் தட்டுப்பட்டன. 1620களில் போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் மிச்சம் அவை. வில்சன் அங்கே கண்டெடுத்த லிங்கம் மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. இதே வில்சன் 1962இல் கடலடிக் காட்சிகளோடு எடுத்த ‘ரன்முத்து துவ’ சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். பின்னாளில் அவர் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார்.

தெற்கே கிரிந்தவுக்கு அப்பால் திறந்த கடலில் இருக்கும் கிரேட் பாசஸ் பாறைத்தொடர் வேறு வகையான இடம். மாலுமிகள் அஞ்சிய அந்தத் தொடரில் 1873இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1961 மார்ச்சில் வில்சன் அங்கே படமெடுக்கப் போனபோது, உடன் வந்த இரு அமெரிக்கச் சிறுவர்கள் ஒரு கப்பலின் மிச்சத்தைக் கண்டார்கள். கட்டிகட்டியாக ஒட்டிக்கிடந்த வெள்ளி நாணயங்கள் ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிடப்பட்டவை. 1963இல் தொல்லியலாளர் பீட்டர் த்ராக்மார்ட்டனோடு மீண்டும் போனார்கள். புதையல் கதை பரவியும் பாசஸ் விடுமுறைத் தலமாகவில்லை. அங்கே கடல் அடங்குவது முத்துக்குளிப்புக்கு வாய்த்த அதே மார்ச், ஏப்ரல் இடைவெளியில்தான்.

சுற்றுலாவுக்கு வாகாக அமைந்தது இக்கடுவை. கொழும்பிலிருந்து ரயிலில் போய்விடலாம். கரையை ஒட்டியே பவளப்பாறை. சற்றுத் தள்ளி 1903இல் பாறையில் மோதிய ‘கோங்க்’ என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 20 மீட்டரில் கிடக்கிறது. 1983க்குப் பின் உள்நாட்டுப் போரினால் கிழக்குக் கரை மூடப்பட்டது. முக்குளிக்க வந்தவர்களெல்லாம் இங்கேயே குவிந்தார்கள். கண்ணாடி அடித்தளப் படகுகள் பவளத்தை உரசின. சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புச் சூளைக்காகப் பவளம் வெட்டப்பட்டது. 1979இல் சரணாலயமாக்கியும் இவை நிற்கவில்லை. 1998இல் கடல்நீர் சூடேறி இக்கடுவையிலும் கற்பிட்டியின் பார் ரீஃபிலும் ஆழமற்ற பவளம் பெரும்பாலும் வெளுத்து மடிந்தது. 2004 சுனாமியில் இக்கடுவையில் கிளார்க்கின் முக்குளிப்புப் பள்ளியும் அழிந்தது. ஆனால் பவளம் வெட்டப்பட்டிருந்த பக்கத்து ஊர் பெரலியவில்தான் அலை மிக உயரமாக ஏறியது. அங்கேதான் ஒரு ரயிலையும் அலை அடித்துச் சென்றது.

2009இல் போர் முடிந்ததும் பட்டியல் கிழக்கே நகர்ந்தது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் பவளம் 1998இன் வெப்பத்துக்குத் தப்பியிருந்தது; 2003இலேயே அது தேசியப் பூங்காவாகிவிட்டது. மட்டக்களப்புக்கு வெளியே ‘ஹெர்மிஸ்’ கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது 307 பேர் இறந்தார்கள். அதே நாளில் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது. கொழும்புக்கு அப்பால் கிடக்கும் ‘வொர்செஸ்டர்ஷயர்’, ‘பெர்சியஸ்’ இரண்டும் 1917இல் ஜெர்மன் கப்பல் ‘வோல்ஃப்’ விதைத்த கண்ணிவெடிகளுக்கு இரையானவை. இப்படிக் கிடப்பவற்றில் பலவற்றுக்கு வழிகாட்டியது மீனவர்களின் அறிவு: வலை சிக்கும் இடம், மீன் கூடும் இடம்.

எந்தக் கப்பலுக்கு யார் போகலாம் என்பதை இப்போது ஆழமும் சான்றிதழும் வகுக்கின்றன. தொடக்கநிலைச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர்; முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டி ஒற்றை மூச்சில் தொட்ட அடியும் ஏறத்தாழ அதுவே. ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ சுமார் 24 மீட்டரில் கிடப்பதால் அடுத்த நிலைப் பயிற்சி பெற்றவர் இறங்கலாம். ‘ஹெர்மிஸ்’ 53 மீட்டரில், பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டருக்கும் கீழே. அங்கே தனிப் பயிற்சியும் வாயுக்கலவை பற்றிய அறிவும் உள்ளவர்களே போகிறார்கள், அதுவும் சோளக மாதங்களில் கிழக்குக் கடல் தெளிந்திருக்கும்போது.