நான்கு டப்பா போதும்

பூங்காப் புல்தரையில் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே சுற்றும் தெளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். இன்று அதன் வரலாறு கொஞ்சம், கணக்கு கொஞ்சம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளெண்டோரா என்ற ஊர். அந்தக் காலத்தில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போனதாக இருந்தது. அங்கே ஆர்ட்டன் எங்கில்ஹார்ட் என்ற தோட்ட விவசாயி 1933-ல் இந்தத் தெளிப்பானை உருவாக்கினார். 1935-ல் காப்புரிமை கிடைத்தது. பீய்ச்சும் தண்ணீர் ஒரு சிறு கையைத் தள்ளும். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். கை வந்து மோதும்போது தலை சிறிது திரும்பும். அவ்வளவுதான். சுற்றுவதற்குத் தனி மோட்டார் வேண்டாம்.

சரி, சுற்றிவிட்டால் எல்லா இடத்திலும் சமமாக நீர் விழுமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜே. ஈ. கிறிஸ்டியன்சன் இதை அளந்தே பார்த்தார். வரிசையாக டப்பாக்களை வைத்து, ஒவ்வொன்றிலும் விழுந்த நீரை அளப்பதுதான் முறை. 1942-ல் முடிவுகளை வெளியிட்டார். அவர் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது.

நம் வகுப்புக் கணக்கு போலவே போட்டுப் பார்ப்போம். நான்கு டப்பாக்கள். மூன்றில் 12 மி.மீ., ஒன்றில் 4 மி.மீ. சராசரி 10. விலகல்கள் 2, 2, 2, 6. அவற்றின் சராசரி 3, அதாவது 10-ல் 30 சதவீதம். ஆக, சீர்மை 70 சதவீதம்.

நான்காவது டப்பா இருந்த இடத்தில்தான் புல் காயும். உடனே "தண்ணீர் பத்தலை" என்று நேரத்தைக் கூட்டுவோம். அங்கே 12 மி.மீ. விழ மூன்று மடங்கு நேரம் ஓட வேண்டும். அதற்குள் மற்ற மூன்று இடங்களில் 36 மி.மீ. கொட்டியிருக்கும். ஒரு திட்டுப் புல்லுக்காக முழுத் தரைக்கும் மூன்று பங்கு தண்ணீர்!

கோளாறு நேரத்தில் இல்லை, தெளிப்பில் இருக்கிறது. இவற்றைப் பாருங்கள்:

1. நீர் வரும் துளையில் மண் அடைத்திருக்கிறதா?
2. தலை சாய்ந்திருக்கிறதா?
3. ஸ்பிரிங் தளர்ந்து, சுற்றாமல் நிற்கிறதா?
4. அழுத்தம் குறைவா? குறைந்தால் நீர் நன்றாகச் சிதறாமல், தூரத்தில் வளையமாக விழும்.
5. ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பான் வரை எட்டுகிறதா?

காய்ந்த திட்டைக் கண்டதும் வால்வைத் திருகாதீர்கள். காற்று அடங்கிய காலையில் ஒரே அளவான நான்கு டப்பாக்களை வையுங்கள். குறை எங்கே என்று அவை சொல்லும். தண்ணீர் விஷயத்தில் கண் அளவை விடக் கை அளவே நம்பகமானது.