பரம்பரை மாண்டலினுக்கு என்ன விலை?

இந்த எபிசோடு ஒரு நேயரோட கேள்வியிலிருந்து தொடங்குது. ஆலங்காயத்திலிருந்து எழுதியிருக்கார். தாத்தா வாசிச்ச மாண்டலின் ஒண்ணு பரண்ல இருக்கு. இப்போ வீட்ல பாகப்பிரிவினை. மூணு வாரிசு, ஒரு மாண்டலின். "அமெரிக்காவுல இது லட்சக்கணக்குல போகும்"னு ஒருத்தர் சொல்றார். "பழைய சாமான்காரருக்குப் போட்டுடலாம்"னு இன்னொருத்தர். இதுல யார் சொல்றது சரி? இதுக்குப் பதில் சொல்ல, மாண்டலினோட வரலாற்றைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்களுக்குத் தோலை வெச்சே சொன்னா சுலபமாப் புரியும். தோல் தொழிற்சாலையில 'செலக்‌ஷன்' பிரிக்கிறவர் பளபளப்பைப் பார்க்க மாட்டார். முதல்ல கத்தி வெட்டு இருக்கா, ஓட்டை இருக்கா, உண்ணிக்கடித் தழும்பு இருக்கான்னுதான் தேடுவார். பழைய வாத்தியத்தையும் அப்படித்தான் பார்க்கணும்.

முதல் கேள்வி, அது மாண்டலின்தானா? நம்ம பக்கத்துல புல்புல்தாராவை 'பாஞ்சோ'ன்னும் சொல்வாங்க, சில வீடுகள்ல மாண்டலின்னும் சொல்வாங்க. டைப்ரைட்டர் மாதிரி அழுத்துற கட்டைகள் இருந்தா அது புல்புல்தாரா. 1912-ல் ஜப்பானின் நகோயாவில் கோரோ மொரிதா உருவாக்கின தாய்ஷோகோத்தோ என்ற வாத்தியத்தின் வழி வந்தது. மாண்டலின்ல கட்டைகள் கிடையாது. எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நாலு ஜோடி. சுருதி வயலினைப் போலவே அமையும்.

மாண்டலினே என்றால், அடுத்து அதன் முதுகைப் பாருங்க. பாதிப் பூசணிக்காய் மாதிரி உருண்டிருந்தா அது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மரபு. 18ஆம் நூற்றாண்டில் வினாச்சியா குடும்பத்தார் பேர் பெற்ற வகை இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாண்டலின் மோகம் பரவியபோது, இந்த உருண்டை முதுகு மாண்டலின்களை ஏராளமாகச் செய்து தபால் கேட்லாக் மூலம்கூட விற்றார்கள். அதனாலதான் நூறு வயசு ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவைக்குப் பெரிய விலை கிடையாது. பழசு என்பதும் அரிது என்பதும் ஒண்ணு இல்லை. இதுதான் முதல் பாடம்.

அப்போ அந்த 'லட்சக்கணக்கு' பேச்சு எங்கிருந்து வந்தது? அது முதுகு தட்டையாகவோ லேசாக வளைந்தோ இருக்கும் அமெரிக்க வகை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்ஸன், வயலினைப் போல மரத்தைச் செதுக்கி மாண்டலின் செய்து 1898-ல் காப்புரிமை பெற்றார். 1902-ல் அவர் பெயரில் கம்பெனி உருவானது. 1919 முதல் 1924 வரை அங்கே இருந்த லாயிட் லோர் என்பவர் காலத்தில், 1922-ல் 'எஃப்-5' என்ற மாடல் வந்தது. உள்ளே ஒட்டிய சீட்டில் லோர் கையெழுத்தும் தேதியும் இருக்கும். இன்னைக்கு அப்படி ஒண்ணு லட்சம் டாலருக்கு மேல் போகும்.

சுவாரஸ்யம் என்னன்னா, அந்த மாடல் வந்தபோது சரியா விற்கலை. மாண்டலின் மோகம் அப்போதே அடங்கிக்கொண்டிருந்தது. 1940களில் பில் மன்ரோ என்ற இசைக்கலைஞர், 1923-ல் லோர் கையெழுத்திட்ட ஒரு எஃப்-5-ஐ மயாமி நகரத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் பார்த்து வாங்கினார். அவர் வளர்த்த 'புளூகிராஸ்' இசைதான் அந்த மாடலுக்கே பெருமதிப்பைக் கொடுத்தது. 1985-ல் யாரோ வீடு புகுந்து அந்த மாண்டலினை அடித்து நொறுக்கினார்கள். கிப்ஸன் கம்பெனி சில்லுச் சில்லாகப் பொறுக்கி ஒட்டித் தந்தது. உடைஞ்ச வாத்தியத்துக்கு மதிப்பு குறையணும் இல்லையா? அது இப்போ நாஷ்வில் நகரத்து அருங்காட்சியகத்துல இருக்கு. யார் வாசிச்சது என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் இருந்ததால் வந்த மதிப்பு அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொல்கத்தாவில் 'கிவ்சன்' என்ற பெயரில் கிட்டாரும் மாண்டலினும் செய்து இந்தியா முழுக்க விற்றிருக்காங்க. பரண் இருட்டுல 'கிவ்சன்' என்பது 'கிப்ஸன்' மாதிரி தெரியும். எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு அப்புறம் சண்டை போடுங்க!

சரி, ஆலங்காயம் பக்கம் வெளிநாட்டு மாண்டலின் வந்திருக்கவே முடியாதா? முடியும். வேலூரில் அமெரிக்க ஆற்காடு மிஷன், ஆம்பூரில் மிசூரி லுத்தரன் மிஷன், ஜோலார்பேட்டையில் ஆங்கிலோ இந்தியர்கள் வாழ்ந்த ரயில்வே காலனி, கொஞ்சம் தள்ளி கோலார் தங்கவயல். மேற்கத்திய வாத்தியம் வந்துசேர வழிகள் இருந்தன. ஆனா வழி இருந்தது என்பது சாட்சி ஆகாது. "துரை கொடுத்தது" என்ற வீட்டுக் கதைக்குப் பின்னால் ஒரு ரசீது, ஒரு போட்டோ, பெட்டிக்குள் கடைச் சீட்டு, ஏதாவது ஒண்ணு வேணும். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் 1842 முதல் வாத்தியக் கடை இருக்கு. மிஸ்குவித் என்று தொடங்கி, பிறகு மியூசி மியூசிக்கல் ஆனது. அப்படியொரு கடையின் சீட்டு கிடைத்தால் காலத்தைக் கணிக்கலாம்.

அடுத்து பசை. இது உங்க ஊர் சமாச்சாரம். பழைய வாத்தியங்களை ஒட்டியது வச்சிரம். தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் தொழிற்சாலையில் சுரண்டி எடுப்பாங்களே, அந்த மாதிரிக் கழிவைக் காய்ச்சித்தான் வச்சிரம் செய்வாங்க. சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது இளகும். அதனால கெட்டுப்போன மூட்டைக் காயம் படாமப் பிரிச்சு மறுபடி ஒட்டலாம். ஃபெவிகால் வந்தது 1959-ல். அது போட்டு ஒட்டின இடத்தைச் சுத்தமாப் பிரிக்கிறது கஷ்டம். மூட்டுல வெள்ளைப் பசை வழிஞ்சு காய்ஞ்சிருந்தா, அந்த ரிப்பேர் 1959-க்குப் பிறகு நடந்ததுன்னு தேதியும் தெரியும், விலை குறையும்னும் தெரியும்.

'மாத்தினா மதிப்பு குறையும்' என்பது சேகரிப்பாளர்களோட விதி. நம்ம ஊரில் அந்த விதியைத் தலைகீழாக்கினவர் யு. ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சின்ன வயசில் அப்பாவோட மாண்டலினைக் கையில் எடுத்தவர். 1978-ல் குடிவாடா தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. இரட்டைக் கம்பிகளில் கமகம் வாசிப்பது கடினம். அதனால் ஒற்றைக் கம்பிகளாக்கி, ஐந்தாவதாக ஒரு கம்பியும் சேர்த்து, மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். 1998-ல் பத்மஸ்ரீ, 2014-ல் மறைவு. ஆக, உங்க தாத்தா மாண்டலின்ல கம்பிகள் குறைஞ்சிருந்தா உடனே 'பழுது'ன்னு எழுதிடாதீங்க. அவர் என்ன வாசிச்சார், யாரைக் கேட்டு மாத்தினார் என்பதற்கு அது தடயமா இருக்கலாம்.

கடைசியா சட்டம். வெளிநாட்டுக்கு விற்கும் ஆசை இருந்தா இதைக் கேளுங்க. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது கடந்த வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கணும். பழைய மாண்டலின் முகத்தில் பதித்த தகடு நிஜ ஆமை ஓடாக இருந்தால், வனவிலங்குச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

அதனால மூணு வாரிசுகளும் செய்ய வேண்டியது இது. கம்பிகளைத் தளர்த்துங்க, முழு முறுக்கில் எட்டுக் கம்பிகளும் சேர்ந்து 70, 80 கிலோ அளவுக்கு இழுக்கலாம். பாலிஷ் போடாதீங்க, புதுசா ஒட்டாதீங்க. உள்சீட்டு, முதுகு, தலைப்பகுதி எல்லாத்தையும் போட்டோ எடுங்க. வாத்தியம் ரிப்பேர் செய்யும் ஒருத்தர்கிட்ட காட்டி, நிலைமையை எழுதி வாங்குங்க. வாங்க வந்தவர் சொல்ற விலையை மட்டும் நம்பாதீங்க.

பெரும்பாலும் அது சில ஆயிரம் ரூபாய் வாத்தியமாகத்தான் இருக்கும். அது நல்ல சேதின்னுதான் சொல்வேன். சில ஆயிரம்னு தெரிஞ்சா, வாசிக்க ஆசைப்படுற வாரிசு மத்த ரெண்டு பேருக்கும் பங்கைக் கொடுத்துட்டு எடுத்துக்கலாம். லட்சக்கணக்குன்னு நினைச்சுக்கிட்டே இருந்தா, மாண்டலின் பரண்ல கிடந்து கறையானுக்குப் போகும், மூணு பேரும் பேசிக்கவும் மாட்டாங்க.