சென்னை சிட்டி கால்பந்துக் கழகம்

சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் (சென்னை சிட்டி எஃப்.சி.) கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு இந்தியாவின் ஐ-லீக் தொடரில் ஆடிய தமிழகக் கழகம். சென்னை நகர லீக்கில் ஆடிவந்த இக்கழகம் 2016-17 பருவத்தில் தேசிய லீக்கிற்குள் நுழைந்தது. மூன்றாவது பருவமான 2018-19-இல் ஐ-லீக் கோப்பையை வென்றது. தேசிய அளவிலான ஆடவர் கால்பந்து லீக் 1996-இல் தொடங்கியது முதல் தமிழகத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல்முறை. ஆனால் அந்த வெற்றிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கழகம் ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது.

சென்னை லீக்கின் உலகம்

சென்னைக் கால்பந்து நெடுங்காலம் அலுவலக அணிகளின் ஆட்டமாகவே இருந்தது. ஐ.சி.எஃப்., தென்னக இரயில்வே, இந்தியன் வங்கி, ஏ.ஜி. அலுவலகப் பொழுதுபோக்குக் கழகம் ஆகியவை அதில் முக்கியமானவை. நன்றாக ஆடும் இளைஞனுக்கு இந்த அணிகளில் ஒன்றில் இடம் கிடைத்தால் கூடவே அரசு வேலையும் கிடைக்கும். மாதச் சம்பளம், ஓய்வூதியம், மாலையில் பயிற்சி என்பதுதான் அந்த வாழ்க்கை. வடசென்னையிலிருந்தும் குமரிக் கடற்கரையிலிருந்தும் வந்த பல குடும்பங்களை அது நிலைநிறுத்தியது என்பதால் அதைக் குறைவாக மதிப்பிட முடியாது. ஆனால் அலுவலக அணிக்கு ஊர் கிடையாது, ரசிகர்களும் குறைவு, வளர வேண்டிய கட்டாயமும் இல்லை. தேசிய லீக்கில் ஆடிய இந்தியன் வங்கி அணியாலும் அங்கு நிலைத்திருக்க முடியவில்லை.

இந்த லீக்கில் அலுவலகப் பின்புலம் இல்லாமல் ஆடிய தனியார் கழகங்களும் இருந்தன. 1946-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் சென்னை சிட்டி அவற்றில் ஒன்று. ரோஹித் ரமேஷ் இதன் உரிமையாளராக இருந்தார். 2016-இன் இறுதியில் ஐ-லீக்கை விரிவாக்க விரும்பிய அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு சென்னை சிட்டிக்கு நேரடி நுழைவு அளித்தது. இரண்டாம் பிரிவில் வென்று படிப்படியாக ஏறி வந்த அணி அல்ல இது. கழகத்தின் வரலாற்றைப் பேசும்போது பலரும் கடந்துபோகும் செய்தி இது. உள்ளே வந்ததும் மேலிருந்து திறக்கப்பட்ட கதவின் வழியாகத்தான்.

கோவைக்குப் பெயர்தல்

சென்னையின் ஜவாஹர்லால் நேரு மைதானம் 2014 முதல் இந்தியன் சூப்பர் லீக்கின் சென்னையின் எஃப்.சி. அணிக்குத் தளமாக இருந்தது. சென்னை சிட்டி தன் தளமாகக் கோயம்புத்தூரின் நேரு மைதானத்தைத் தேர்ந்தது. இரண்டு மைதானங்களுக்கும் ஒரே பெயர், இரண்டு அணிகளின் பெயரிலும் 'சென்னை'. வெளியூர்ச் செய்தியாளர்கள் அடிக்கடி குழம்பியதில் வியப்பில்லை. பெயரில் சென்னையையும் மைதானத்தில் கோவையையும் கொண்ட அணியைக் கோவைக்காரர்கள் எப்படித் தம்முடையதாகக் கொள்வார்கள் என்ற கேள்வி தொடக்கத்தில் இருந்தது. ஆனாலும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டங்களுக்கு மிக அருகில் நடந்த தேசிய லீக் ஆட்டம் அதுவே. சேலம் மாவட்டத்தின் கிழக்கோரத்தில் இருக்கும் கெங்கவல்லிக்குக் கோவை இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு என்பது வேறு செய்தி.

முதல் இரண்டு பருவங்களிலும் பத்து அணிகளில் எட்டாம் இடமே கிடைத்தது. 2017-18-இன் கடைசி நாள்வரை கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் ஆபத்து நீடித்தது. அன்று சர்ச்சில் பிரதர்ஸ் மினர்வா பஞ்சாபிடம் தோற்றதால் சென்னை சிட்டி தப்பியது. அந்தப் பருவத்தில் நினைவில் நிற்கும் ஒரு நாள் உண்டு. 2018 ஜனவரி 2 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானை அதன் சொந்த மண்ணில் 2-1 என வென்றனர். நூறாண்டு கடந்த அந்தக் கழகத்தின் பயிற்சியாளர் சஞ்சய் சென் தோல்வியை அடுத்துப் பதவி விலகினார். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த நடுக்கள ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் அந்த அணியின் முகமாக இருந்தார். பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் அணி அவரை அழைத்துக்கொண்டது. நன்றாக ஆடுபவர் போய்விடுவார் என்பது சிறிய கழகத்தின் விதி. சென்னை சிட்டிக்கு அது பின்னரும் நேர்ந்தது.

2018-19 பருவம்

2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளரானார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்காகக் கழகம் ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் தேடியது. அங்கே சில நூறு பேர் முன்னிலையில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் உண்டு. அப்படி வந்தவர்கள்தான் முன்கள ஆட்டக்காரர் பெத்ரோ மான்சியும், நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், பின்களத்தின் ரொபெர்த்தோ எஸ்லாவா ஆகியோரும். இவர்களுடன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் முதலிய தமிழக இளைஞர்கள் ஆடினர். ஐ-லீக் அணிகள் பல நீண்ட உதையிலும் உடல் வலுவிலும் நம்பிக்கை வைத்திருந்த காலத்தில், நவாஸின் அணி பந்தைத் தரையில் வைத்துக் குறுகிய கடத்தல்களால் முன்னேறியது. கோல் வாங்கினாலும் அந்த முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

2018 அக்டோபர் 26 அன்று கோவையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என வென்றனர். மான்சி மூன்று கோல் அடித்தார். பருவ முடிவில் அவர் கணக்கில் 21 கோல்கள் இருந்தன. பட்டத்துக்கான போட்டியாளரான ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலும் கோவையிலும் வென்றனர். 2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. ஐரோப்பியக் கோப்பைகளில் தொடர்ந்து ஆடிவந்த ஒரு கழகம் இந்தியாவில் பணம் போட்டது பலரையும் திரும்பிப் பார்க்கவைத்தது.

மார்ச் தொடக்கத்தில் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 எனத் தோற்றதால் பட்டம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. கோவையில் எதிரணி, முந்தைய ஆண்டின் வெற்றியாளரான மினர்வா பஞ்சாப். மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளைவரை சென்னை சிட்டியால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். அதன்பின் ஆட்டத்தை வென்று கொடுத்தவர் ஒரு பின்கள ஆட்டக்காரர். கௌரவ் போரா ஒரு கோல் அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் அடித்தார். 3-1.

அதே வேளையில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவிடம் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து 2-1 என வென்றது. கோவை ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். இறுதிக் கணக்கு: இருபது ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. 43-க்கு 42 என ஒரே புள்ளி வேறுபாடு.

அடுத்த மாதம் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையில் இன்னொரு சோதனை. ஐ-லீக் அணிகள் பல கூட்டமைப்புடனான பிணக்கால் விலகிக்கொள்ள, சென்னை சிட்டி கலந்துகொண்டது. காலிறுதியில் அந்த ஆண்டின் சூப்பர் லீக் வெற்றியாளரான பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என வென்றது. அரையிறுதியில் கோவா அணியிடம் 3-0 எனத் தோற்றது. பெங்களூருவின் செலவில் சிறு பங்கே செலவிட்ட அணி அந்த வெற்றியைப் பெற்றது. இரண்டு லீக்குகளுக்கும் இடையிலிருந்த தொலைவு ஆட்டத்திறனின் தொலைவு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இல்லாத படி

சிறிய கழகம் ஒன்று உச்சிக்கு ஏறும் கதைக்கு உலகெங்கும் இங்கிலாந்தையே எடுத்துக்காட்டுவார்கள். அங்கு முதன்மை லீக்கின் நான்கு பிரிவுகளுக்குக் கீழே வட்டார லீக்குகள் அடுக்கடுக்காக உள்ளன. லண்டனின் விம்பிள்டன் கழகம் அப்படி வெளியிலிருந்த அணி. 1975-இல் எஃப்.ஏ. கோப்பையில் முதல் பிரிவு அணியான பர்ன்லியை அதன் மைதானத்திலேயே வென்றது. 1977-இல் லீக்கிற்குள் சேர்க்கப்பட்டது. 1986-இல் முதல் பிரிவை எட்டியது. 1988-இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது.

ஆனால் விம்பிள்டன் லீக்கிற்குள் வந்தது புள்ளிகளால் அல்ல, வாக்குகளால். அன்று கடைசி இடங்களில் வந்த அணிகளை வைத்துக்கொள்வதா, வெளியிலிருந்து வேறு அணியைச் சேர்ப்பதா என்பதை லீக் கழகங்களே வாக்களித்துத் தீர்மானித்தன. தானாக ஏறும் உரிமை 1986-87 பருவத்தில்தான் வந்தது. அதன் முதல் பயனாளி ஸ்கார்பரோ. ஏணியின் தாயகமாகச் சொல்லப்படும் நாட்டிலேயே அந்தக் கடைசிப் படி வெகுகாலம் இல்லை.

சென்னை சிட்டி வென்றபோது இந்தியாவில் இருந்த நிலையும் அதுவே. 2014-இல் தொடங்கிய சூப்பர் லீக் மூடிய அமைப்பு. அதில் இடம்பெறக் கட்டணம் செலுத்த வேண்டும், ஐ-லீக்கில் வென்றால் போதாது. 2017-இல் பெங்களூரு எஃப்.சி. அங்கு இடம்பெயர்ந்த பின் ஐ-லீக்கில் பணபலம் குறைந்தது. 2017-இல் ஐஸ்வால், 2018-இல் மினர்வா பஞ்சாப், 2019-இல் சென்னை சிட்டி என அடுத்தடுத்து மூன்று சிறிய கழகங்கள் கோப்பையை வென்றன; அவற்றில் பிந்தைய இரண்டு வெற்றிகளுக்கு அதுவும் ஒரு காரணம். போட்டி சமமானது, ஆனால் பரிசின் மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்ற திட்டத்தின்படி சூப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. சென்னை சிட்டி தன் பட்டத்தைக் காக்கக் களமிறங்கும் முன்பே அந்தப் பட்டம் இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது.

தனி ஆட்டக்காரனுக்கு வழி இருந்தது என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் தொடங்கி, தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாக 2017-இல் 3 கோடி ரூபாய்க்கு பஞ்சாப் அணிக்கு ஏலம் போனார். 2020 டிசம்பரில் இந்திய அணியில் ஆடினார். கால்பந்திலும் ஆட்டக்காரர்கள் அப்படி ஏறினர்: வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூருவுக்கும், போரா ஒடிசாவுக்கும், கோர்தியோ ஐதராபாத்துக்கும் போயினர். மான்சி 2020-இல் ஜப்பானுக்குச் சென்றார். ஏற வழியில்லாதது கழகத்துக்குத்தான்.

பின்னர்

ஐ-லீக் வெற்றியாளர் என்ற தகுதியில் 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியுடன் ஆடி 1-0 எனத் தோற்றனர். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பைத் தொடரில் மாலத்தீவின் மாசியா அணியுடன் 2-2 என சமன் செய்தனர். 'உள்ளூர்' ஆட்டமான அதுவும் நடந்தது கோவையில் அல்ல, அகமதாபாத்தில். சில நாள்களில் கொரோனாவால் எல்லாம் நின்றது.

2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. கோவையில் ஓர் ஆட்டமும் இல்லை. சிங்கப்பூரின் சத்யசாகரா பயிற்றுவித்த அணி பதினொரு அணிகளில் முதல் ஆறுக்குள் வரவில்லை. அடுத்த பருவத்துக்கு, கழகங்களுக்கான உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யாததால் சென்னை சிட்டி சேர்க்கப்படவில்லை. நிதிக் கணக்கு, இளையோர் அணிகள், மைதானம், முழுநேர அலுவலர்கள் ஆகியவற்றைச் சரிபார்ப்பது உரிம முறை. களத்தில் வென்றதை அது கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நல்ல பயிற்சியாளரையும் நான்கு நல்ல ஆட்டக்காரர்களையும் கண்டுபிடித்து ஒரு பருவத்தை வெல்லலாம். நிலையான வருமானமும் சொந்த மைதானமும் அப்படி வருவதில்லை. வாடகை மைதானத்தையும் உரிமையாளரின் பணத்தையும் நம்பியிருந்த கழகம் அது.

விம்பிள்டனும் கழகத்தை இழந்தது. 2003-இல் அது மில்டன் கீன்ஸ் நகருக்குப் பெயர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை ஒன்பதாம் அடுக்கில் தொடங்கி, 2011-இல் லீக்கிற்குத் திரும்பினர். அப்படித் தொடங்க அங்கு ஒன்பதாம் அடுக்கு என்று ஒன்று இருந்தது.

ஐ-லீக் வெற்றியாளர் சூப்பர் லீக்கிற்கு ஏறும் வழி 2022-23 பருவத்தில் திறந்தது. அதில் முதலில் ஏறிய அணி பஞ்சாப் எஃப்.சி. 2019 மார்ச் 9 அன்று கோவையில் 3-1 எனத் தோற்ற மினர்வா பஞ்சாப், உரிமையாளரும் பெயரும் மாறி, அந்த அணியாகியிருந்தது.