எஞ்சினுக்காகக் காத்திருந்த விமானங்கள்: ஜெர்மன் போர் விமானங்களின் மாற்று வரலாறு குறித்து ஒரு விவாதம்

மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தில் குண்டு மாட்டச் சொல்லி ஹிட்லர் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் ஜெர்மனியின் வான்வெளி தப்பியிருக்குமா? ஜெர்மன் போர் விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அடோல்ஃப் கலாண்டின் நினைவுக் குறிப்புகள் 1950-களில் வெளிவந்த நாள் முதல் இந்தக் கேள்விக்கு ஓய்வே இல்லை. இதன் வழியில் இன்னும் பல கேள்விகள் வந்து சேர்ந்தன. ஹைன்கெல் 280 கைவிடப்படாமல் இருந்திருந்தால்? குர்ட் டாங்கின் டா-183 ஓராண்டு முன்னதாகவே தயாராகியிருந்தால்? இக்கேள்விகளைப் பொழுதுபோக்கு என்று நான் ஒதுக்கவில்லை. ஒரு காரணத்தின் எடையை அறிய வேண்டுமானால் அதை மனத்தளவில் நீக்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மாக்ஸ் வெபர் 1906-லேயே இந்த முறையை வரலாற்றாசிரியர்களுக்கு எடுத்துச் சொன்னார். என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கற்பனைகள் பெரும்பாலும் விமானத்தின் வடிவத்தையோ ஒரு தலைவனின் முடிவையோ மாற்றுகின்றன. எஞ்சினை மட்டும் தொடுவதில்லை. வேண்டிய நாளில் அது தானே வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்கின்றன. இந்த அனுமானம் சரியா என்று சோதிக்க நாம் கற்பனையை நம்பியிருக்கத் தேவையும் இல்லை. அதே வடிவமைப்பாளர்கள், குண்டுவீச்சு இல்லாத நாடுகளில், அதே வரைபடங்களின் வழிவந்த விமானங்களைப் போருக்குப் பின் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில் ஹிட்லர் கதை. 1943 நவம்பர் 26 அன்று இன்ஸ்டர்பர்க் விமானத் தளத்தில் மெ-262 அவருக்குக் காட்டப்பட்டது. குண்டு சுமக்குமா என்று கேட்டார், சுமக்கும் என்று மெஸ்ஸர்ஷ்மிட் பதில் சொன்னார். தன் விருப்பத்துக்கு மாறாகப் போர் விமானமாகவே அது உருவாகி வருவதை அடுத்த ஆண்டு மே மாதம் அறிந்தபோது ஹிட்லர் கொதித்தார். இவ்வளவும் உண்மை. ஆனால் அதே மே மாதத்தில் தொழிற்சாலை வாசலில் நின்றவர்களின் கவலை குண்டு அல்ல, எஞ்சின். அதற்கென இருந்த யுங்கர்ஸ் நிறுவனத்தின் யூமோ 004-பி எஞ்சினின் பேரளவு உற்பத்திக்கான வடிவம் 1944 நடுப்பகுதியில்தான் உறுதியானது. ஹிட்லர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் எஞ்சின் இல்லாத கூடுகள் வரிசையாகக் காத்துத்தான் நின்றிருக்கும்.

ஏன் இவ்வளவு தாமதம்? மெ-262-இன் கூடு 1941 ஏப்ரலிலேயே பறந்துவிட்டது, மூக்கில் ஒரு பழைய பிஸ்டன் எஞ்சினைப் பொருத்திக்கொண்டு. 1942 மார்ச் 25 அன்று இறக்கைகளின் கீழ் இரண்டு பி.எம்.டபிள்யூ. ஜெட் எஞ்சின்களை மாட்டிச் சோதனை விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் மேலே ஏறினார். இரண்டின் தகடுகளும் உடைந்தன. கழற்றாமல் விட்டிருந்த பிஸ்டன் எஞ்சின்தான் அவரைத் தரை சேர்த்தது. அந்த ஆண்டு ஜூலை 18 அன்று லைப்ஹைமில் யூமோ 004-ஏ எஞ்சின்களை மட்டும் நம்பி அவர் பறந்தது பெரும் வெற்றிதான். ஆனால் அந்த 'ஏ' வகையில் நிக்கலும் குரோமியமும் கோபால்ட்டும் தாராளமாகச் சேர்ந்திருந்தன. போரில் சிக்கிய ஜெர்மனியால் ஆயிரக்கணக்கான எஞ்சின்களுக்கு அந்த உலோகங்களைத் தர முடியாது. யூமோவை வடிவமைத்த அன்செல்ம் ஃபிரான்ஸும் அவருடைய குழுவினரும் அதே எஞ்சினை ஏழை உலோகத்தில் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து, துருவும் வெப்பமும் தின்றுவிடாதபடி மேலே அலுமினியம் பூசினார்கள். டர்பைன் தகடுகளை உள்ளீடற்ற குழல்போல் வளைத்து, உள்ளே குளிர்காற்றை ஓடவிட்டார்கள். பொறியியல் என்ற அளவில் இது வியக்கத்தக்க சாதனை. அப்படி வந்த எஞ்சினின் ஆயுள் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரம். நிக்கல் கலப்புலோகத் தகடுகளோடு வந்த அக்காலத்துப் பிரிட்டிஷ் ஜெட் எஞ்சின் நூறு மணி நேரத்தைத் தாண்டி உழைத்தது. விமானி விசைக்கோலைச் சற்று வேகமாகத் தள்ளினால் யூமோவின் தீ அணையும், அல்லது தகடுகள் கருகும். வானில் மணிக்கு 870 கிலோமீட்டர் ஓடிய விமானத்தைத் தரையிறங்கும் நிமிடங்களில் அமெரிக்க முஸ்டாங் போர் விமானங்கள் காத்திருந்து வீழ்த்தியதற்கு இதுவே காரணம். அந்த நேரத்தில் அதனால் சட்டென்று வேகம் கூட்ட முடியாது.

ஹெர்மியோன் கிஃபர்ட் என்ற வரலாற்றாசிரியர் இந்த எஞ்சின்களை ஆராய்ந்து ஒரு முக்கியமான திருத்தத்தைச் சொன்னார். ஜெர்மனி ஜெட்டை நோக்கி விரைந்தது தொழில்நுட்பச் செழிப்பால் அல்ல, வறுமையால். பிஸ்டன் எஞ்சினைவிட யூமோ 004-க்கு உழைப்பு நேரம் குறைவு. திறன் பெற்ற தொழிலாளர் அதிகம் வேண்டாம். டீசலை ஒத்த மலிவான எரிபொருளே போதும். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்றால் மாற்று வரலாற்றின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. 'இன்னும் முன்னதாக ஜெட்' வேண்டுமென்றால் நல்ல உலோகம் கொண்ட ஜெர்மனி வேண்டும். நல்ல உலோகம் கொண்ட ஜெர்மனிக்கு, கைவசம் இருந்த பிஸ்டன் விமானங்களை விட்டு அவ்வளவு அவசரமாக ஜெட்டை நோக்கி ஓடும் கட்டாயம் இருந்திருக்காது.

ஹைன்கெல் 280-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1941 மார்ச் 30 அன்று ஜெட் விசையில் பறந்துவிட்ட அழகான விமானம் அது. மூக்குச் சக்கரம் இருந்தது, விமானியை வெளியே எறிந்து காப்பாற்றும் இருக்கையும் இருந்தது. 1942 ஜனவரியில் விமானி ஹெல்முட் ஷெங்க் அந்த இருக்கையால் உயிர் பிழைத்தார். ஆனால் அதற்கென உருவான ஹைன்கெல் எஞ்சின் எதிர்பார்த்த உந்துவிசையைக் கடைசிவரை தரவில்லை. 1943 மார்ச்சில் திட்டம் மூடப்பட்டது. அதிகாரிகளின் பொறாமை, எர்ன்ஸ்ட் ஹைன்கெலின் முன்கோபம் என்று எத்தனை காரணம் அடுக்கினாலும் எஞ்சின் பற்றாக்குறை அடியில் அப்படியே கிடக்கிறது.

எஞ்சின் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 1944 செப்டம்பரில் ஜெர்மன் தொழிற்சாலைகளிலிருந்து ஒற்றை எஞ்சின் போர் விமானங்கள் மாதத்துக்கு மூவாயிரம் அளவில் வெளிவந்தன. போர் முழுவதிலும் அதுவே உச்சம். அதே செப்டம்பரில் விமானப் பெட்ரோல் உற்பத்தி, ஏப்ரலில் இருந்த சுமார் 1,75,000 டன்னில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மே 12 அன்று லொய்னா முதலிய செயற்கை எண்ணெய் ஆலைகள் மீது தொடங்கிய அமெரிக்கக் குண்டுவீச்சின் விளைவு இது. ஜெட்டுக்கு மட்ட எரிபொருள் போதும் என்பார்கள். ஜெட் விமானியைப் பழக்கும் பயிற்சி விமானத்துக்குப் பெட்ரோல்தான் வேண்டும். அக்காலத்தில் புதிய ஜெர்மன் விமானி பெற்ற பயிற்சி நேரம் அமெரிக்க விமானியுடையதில் பாதியைக்கூட எட்டவில்லை. எரிபொருளை மிச்சம் பிடிக்க மெ-262-ஐ ஓடுபாதை முனைவரை சங்கிலிச் சக்கர வண்டி கட்டி இழுத்துப் போனார்கள். 1945 மார்ச் 18 அன்று 37 மெ-262 விமானங்கள் எழுந்தபோது, எதிரே ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்துகொண்டிருந்தன.

ஹைன்கெல் 162-இன் பசையை இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 'மக்கள் போர் விமானம்' என்ற பெயரில் 1944 செப்டம்பரில் கேட்கப்பட்டு, டிசம்பர் 6 அன்றே பறந்துவிட்ட விமானம் அது. மாற்று வரலாறு எழுதுவோர் இந்த வேகத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். மூன்றே மாதத்தில் முடிந்தது என்றால் மூன்றாண்டில் என்னதான் முடியாது என்பார்கள். இறக்கைகள் மரத்தாலானவை. மரத் தகடுகளை ஒட்ட 'டேகோ' என்ற பிசின் படலம் இருந்தது; வூப்பர்டாலில் அதைச் செய்துவந்த ஆலை பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அழிந்தது. மாற்றாக வந்த பசையில் அமிலம் தங்கிப்போய், ஒட்ட வேண்டிய மரத்தையே அரித்தது. முதல் பறப்பிலேயே சக்கர மூடி ஒன்று பசை விட்டுக் கழன்று போனது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கையில் இறக்கையின் முன்விளிம்பு பிய்ந்தது. விமானி கோட்ஹோல்ட் பீட்டர் இறந்தார். ஒரு நகரத்து ஆலையில் விழுந்த குண்டு, இரண்டு மூன்று கைகள் மாறி, ஓர் இறக்கை இணைப்பில் வந்து வெடித்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். இறக்கையின் கோணத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் கற்பனைக்கு இந்தச் சங்கிலி புலப்படாது.

அதற்குப் புலப்படாத இன்னொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஹைன்கெல்களின் உடல்கள் வியன்னா அருகே ஹின்டர்பிரூல் சுரங்கத்திலும், மெ-262-இன் உடல்கள் குசென் முகாமை ஒட்டிக் குடையப்பட்ட 'பெர்க்கிரிஸ்டால்' சுரங்கங்களிலும் வதை முகாம் கைதிகளின் கைகளால் செய்யப்பட்டன. அங்கே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். 'இன்னும் ஆயிரம் மெ-262' என்று ஒருவர் காகிதத்தில் எழுதும்போது அந்த ஆயிரத்தை யார் செய்திருப்பார்கள் என்பதற்கும் அவர் விடை வைத்திருக்க வேண்டும். அந்த விடை இல்லாத மாற்று வரலாற்றை ஆய்வு என்று நான் ஏற்க மாட்டேன்.

இனி, உண்மையிலேயே நடந்த சோதனைகள். 1945 ஏப்ரல் இறுதியில் ஓபராமர்காவ் வந்த அமெரிக்கப் படைகள் முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருந்த மெஸ்ஸர்ஷ்மிட் பி-1101-ஐக் கண்டெடுத்தன. தரையிலேயே இறக்கைக் கோணத்தை மாற்றி அமைக்கும்படி செய்யப்பட்ட விமானம் அது. அதற்கென எண்ணியிருந்த ஹைன்கெல் 011 எஞ்சின் அப்போதும் உற்பத்தியை எட்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் பெல் நிறுவனம் அந்த வடிவத்தைத் தழுவி, பறக்கும்போதே கோணத்தை மாற்றும் எக்ஸ்-5 விமானத்தை 1951-இல் பறக்கவிட்டது. இரண்டு செய்தார்கள், 1953-இல் ஒன்று சுழலில் சிக்கி விமானியோடு விழுந்தது. டா-183-இன் வழிவந்த புல்கி-2 விமானத்தை டாங்க் அர்ஜென்டினாவில் 1950-இல் பறக்கச் செய்தார், ரோல்ஸ்-ராய்ஸ் நீன் எஞ்சினோடு. உயரத்தில் வைத்த வால் வேகம் குறைந்த நேரத்தில் ஆபத்தானது என்பது பறந்த பிறகே தெரிந்தது. 1951-இலும் 1952-இலும் இரண்டு விமானிகள் பலியாயினர். ஐந்து விமானங்களோடு திட்டம் முடிந்தது. பெர்லின் எரிந்துகொண்டிருந்த நாள்களில், சில மாத அவகாசத்தில், இதே பிழைகளைக் கண்டு திருத்தியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

அர்ஜென்டினா தொழில்வளம் குறைந்த நாடு, எனவே ஒப்பீடு நியாயமல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நல்ல மறுப்பு. ஆனால் பெல் நிறுவனம் இருந்தது அமெரிக்காவில். மேலும், பின்சாய்ந்த இறக்கை பற்றிய ஜெர்மன் அறிவு எங்கே பலித்தது என்று பாருங்கள். அடோல்ஃப் பூஸெமன் 1935-இலேயே ரோம் மாநாட்டில் முன்வைத்த கருத்து அது. சேபர் விமானத்தில் அமெரிக்க எஞ்சினோடும், மிக்-15-இல் பிரிட்டிஷ் நீனைப் பார்த்துச் செய்த சோவியத் எஞ்சினோடும்தான் அது முழு வலிமை பெற்றது. மெ-262-இன் இறக்கையிலும் பின்சாய்வு இருந்ததே என்பார்கள். அந்தச் சாய்வு வந்த காரணமே எஞ்சின்தான். எதிர்பார்த்ததைவிட எஞ்சின் கனத்துப் போனதால் விமானத்தின் சமநிலையைச் சரிக்கட்ட வெளி இறக்கையைப் பின்னால் சாய்த்தார்கள்.

மூன்றாவது சோதனை நமக்கு நெருக்கமானது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் குர்ட் டாங்கை நினைவுகூர்கிறார். டாங்க் 1956-இல் பெங்களூரு வந்து, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் எச்.எஃப்-24 மாருத் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அதைப் பறக்கவிட்டார். ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் என்பது இலக்கு. அதற்குத் தேவைப்பட்ட, பின்னெரிப்பு (ஆஃப்டர்பர்னர்) கொண்ட ஆர்ஃபியஸ்-12 எஞ்சினை உருவாக்கும் செலவைப் பங்கிட இங்கிலாந்து கேட்டது, தில்லி மறுத்தது. பின்னெரிப்பு இல்லாத ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்திப் பறந்த மாருத், ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் அது நன்றாகவே உழைத்தது. ஆனால் டாங்க் வரைந்த விமானமாக அது ஒருநாளும் பறக்கவில்லை. பின்னெரிப்புச் சேர்த்துச் சோதித்த மாருத் ஒன்றில் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார்.

அதே ஆண்டுகளில் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் ஸ்பெயினில் தொடங்கி எகிப்துக்குக் கொண்டுபோன எச்.ஏ-300 விமானமும் இதே நிலையில் இருந்தது. 1964 மார்ச் 7 அன்று ஹெல்வானில் அதை முதலில் பறக்கவிட்டவர் இந்திய விமானி கபில் பார்கவா; மாட்டியிருந்தது அதே ஆர்ஃபியஸ். உரிய எஞ்சினை எகிப்தில் உருவாக்கிக்கொண்டிருந்தவர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர். போர்க்காலத்தில் யுங்கர்ஸ் நிறுவனத்தில் யூமோ 222 என்ற, கடைசிவரை கைகூடாத பிஸ்டன் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர் அவர். அவருடைய இ-300 எஞ்சினை வானில் சோதிக்க இந்தியா ஒரு மாருத்தை அனுப்பியது. 1967-இல் ஒரு பக்கம் ஆர்ஃபியஸும் மறுபக்கம் இ-300-உம் தாங்கி அது பறந்தது. டாங்கின் கூடு, யுங்கர்ஸ்காரரின் எஞ்சின், குண்டு விழாத வானம்: மாற்று வரலாறு கேட்ட அத்தனையும் ஒரே விமானத்தில் கூடியிருந்தன. 1969-இல் எகிப்து திட்டத்தையே நிறுத்தியது. இ-300 பொருத்திய எச்.ஏ-300 ஓடுபாதையில் ஓடிப் பார்த்ததோடு சரி, மேலே எழவில்லை.