உங்கள் தாமான் திடல் யார் பெயரில் இருக்கிறது?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பொது இடம் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. லயத்து வீடுகள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் ஒரு திடல், அதையொட்டி கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை. பந்து விளையாட்டு, திருவிழா, கல்யாணப் பந்தல், துக்க வீட்டு நாற்காலிகள் எல்லாம் அந்தத் திடலைச் சுற்றித்தான். ஆனால் நிலம் முழுக்கக் கம்பெனிக்குச் சொந்தம். தோட்டம் கைமாறியபோது வீட்டோடு திடலும் போனது.

இப்போது தாமானில் சொந்த வீடு. பட்டா நம் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடனும் நம் பெயரில் இருக்கிறது. எதிரே இருக்கும் திடல் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர், "அது நகராண்மைக் கழகத்துடையது" என்பார்கள். சில இடங்களில் அது உண்மை. சில இடங்களில் அந்த நிலம் இன்னும் மேம்பாட்டாளர் பெயரிலேயே இருக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து அங்கே தகரவேலி எழும்போதுதான் விஷயம் தெரியவரும்.

தீபகற்ப மலேசியாவில் வீடமைப்புப் பகுதி எப்படி அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முதன்மைச் சட்டம் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் 267 தனியாக உண்டு. இவற்றின் கீழ் திட்ட அனுமதி, மலாயில் கெபெனாரான் மெரஞ்சாங், கிடைத்த பிறகே ஒருவர் நிலத்தை மேம்படுத்தலாம். அனுமதியின்றி மேம்படுத்தினால் சட்டம் 172இன்படி 500,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

திடலுக்கு எவ்வளவு நிலம் விட வேண்டும்? பிளான்மலேசியா என்று இன்று அழைக்கப்படும் நகர், கிராமத் திட்டமிடல் துறையின் வழிகாட்டி, மேம்பாட்டு நிலத்தில் குறைந்தது 10 விழுக்காடு திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்கிறது. 20 ஏக்கர் தாமான் என்றால் 2 ஏக்கர். அந்தத் திடல்களுக்குப் படிநிலையும் உண்டு. சிறுவர் விளையாடும் சிறு இடத்துக்கு 0.2 ஹெக்டர், சுமார் அரை ஏக்கர். விளையாட்டுத் திடலுக்கு 0.6 ஹெக்டர், அக்கம்பக்கத் திடலுக்கு 2 ஹெக்டர், சுமார் 5 ஏக்கர். அதற்கு மேல் வட்டாரப் பூங்கா, நகரப் பூங்கா என்று பெரிதாகிக்கொண்டே போகும். நாட்டளவில் வைத்திருக்கும் இலக்கு, ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர். கணக்குப் போட்டால் ஆளுக்கு 20 சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆயிரம் சதுர அடிக்கும் மேல் வருகிறது. நம்மில் பலர் குடியிருக்கும் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டைவிட அது பெரியது!

ஆனால் வழிகாட்டி வேறு, சட்டம் வேறு. வழிகாட்டி என்பது அதிகாரிகள் பின்பற்ற வேண்டிய அளவுகோல். அதே 10 விழுக்காடு வட்டாரத் திட்டத்தில் எழுதப்பட்டாலோ, திட்ட அனுமதியில் நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டாலோதான் அது மேம்பாட்டாளரைக் கட்டுப்படுத்தும். ஆகவே புகார் கொடுக்கப் போகிறவர்கள் வழிகாட்டியின் நகலை மட்டும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அந்தத் தாமானுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியையும் அதனோடு உள்ள மனைவரைபடத்தையும் கேட்க வேண்டும்.

வரைபடத்தில் பச்சை நிறம் அடித்ததெல்லாம் திடல் ஆகிவிடாது. மின்கம்பி கோபுரத்தின் கீழ் உள்ள நிலம், பெரிய கால்வாய் ஓரம், ஆள் நிற்க முடியாத சரிவு, வெள்ளநீர் தேங்கும் குளம் ஆகியவற்றையும் கூட்டி 10 விழுக்காடு என்று காட்டும் பழக்கம் உண்டு. இவற்றில் எதை எவ்வளவு சேர்க்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிள்ளைகள் விளையாட முடியாத இடத்தைத் திடல் என்று சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். வரைபடத்தில் அந்தச் சிரிப்பு கேட்காது. வீடு வாங்குமுன் ஒருமுறை நேரில் நடந்து பார்ப்பது நல்லது. தரைவீட்டு விற்பனை ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் மனைவரைபடம் இணைக்கப்பட்டிருக்கும். அதைப் புரட்டாமலே கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒப்படைப்பும் அரசிதழும்

தாமான் நிலம் மனைகளாகப் பிரிக்கப்படும்போது சாலை, கால்வாய், திடல் ஆகியவற்றை மேம்பாட்டாளர் மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததும் அது அரசு நிலம். ஆனால் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் கீழ் அந்த நிலத்தைத் திறந்தவெளிக்கென ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் வேறு காரியத்துக்கு அந்த நிலத்தைக் கொடுப்பது எளிதல்ல. ஒதுக்கீட்டை நீக்க 64ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புக் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். ஆட்சேபிக்கிறவர் அங்கே பேசலாம்.

அரசிதழில் ஏறாத திடல் வெறும் அரசு நிலமாகவே நிற்கும். மாநில அரசு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் வழியுண்டு. இருபது ஆண்டுகளாக நாம் புல் வெட்டினோம், ஊஞ்சல் வைத்தோம் என்பதெல்லாம் பட்டாவுக்கு முன் நிற்காது. குடியிருப்பாளர் சங்கம் இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாட்டுக் கணக்கைப் பேசுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைப் பேசலாம்: நம் திடல் அரசிதழில் ஏறிவிட்டதா? திடலின் லாட் எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவிலும் கேட்கலாம்.

21 நாள்

பக்கத்து நிலத்தில் ஒரு திட்டம் வரும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் 172இன் 21ஆம் பிரிவு சொல்கிறது. கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம், நேரில் விசாரிக்கும்படியும் கேட்கலாம். இதில் மூன்று நிபந்தனைகள் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாதவை. முதலாவது, கடிதம் நில உரிமையாளருக்குத்தான் வரும். வாடகைக்கு இருப்பவருக்கு வராது. இரண்டாவது, அக்கம்பக்கம் என்றால் ஒட்டியுள்ள நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, கால்வாய் போன்றவை மட்டும் குறுக்கே உள்ள நிலம். முட்டுச் சந்துச் சாலையைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு 200 மீட்டர் வரை உரிமை உண்டு. மூன்றாவதுதான் மிக முக்கியம். வட்டாரத் திட்டம், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தான், இன்னும் நடப்புக்கு வராத இடத்துக்கே இந்த ஏற்பாடு பொருந்தும்.

வட்டாரத் திட்டம் இருக்கும் இடத்தில் நம் குரல் அந்தத் திட்டம் வரைவாக வைக்கப்படும் சில வாரங்களில்தான் கேட்கும். மண்டப வரவேற்பறையில் பெரிய வரைபடங்கள் தொங்கும். பக்கத்தில் ஆட்சேபப் பாரம் இருக்கும். அங்கே போய்ப் பார்க்கும் கூட்டத்தில் நம் முகங்கள் குறைவு. திடல் "வர்த்தகம்" என்று நிறம் மாறிய பிறகு சுவரொட்டி பிடித்துப் பயனில்லை. ஆட்சேபம் எழுதி, முடிவு திருப்தியில்லையென்றால் 36ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆட்சேபமே எழுதாதவருக்கு அந்தக் கதவு திறக்காது.

கியாராவில் நடந்தது

இதற்கு நம் மக்களோடு நேரடித் தொடர்புள்ள வழக்கு ஒன்று உண்டு. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் உள்ள தாமான் ரிம்பா கியாரா ஒரு பொதுப் பூங்கா. அதன் ஒரு பகுதியில் வானளாவிய அடுக்குமாடிகள் கட்ட 2017 ஜூலையில் மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. புக்கிட் கியாரா தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் 1980களிலிருந்து அங்கே நீண்ட வீடுகளில் இருக்கின்றன. அவர்களுக்கு நிரந்தர வீடு என்ற வாக்குறுதி அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு பக்கம் பூங்காவைக் காக்க நின்ற குடியிருப்பாளர்கள், மறுபக்கம் பல ஆண்டுகளாக வீட்டுக்குக் காத்திருந்த தோட்ட மக்கள். இரு தரப்பையும் எதிரெதிராக நிறுத்தியது அந்தத் திட்டம்தான். இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்பது போலக் காட்டியதே அதன் பெரிய குறை என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

2018இல் உயர்நீதிமன்றம் குடியிருப்பாளர்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி மேம்பாட்டு ஆணையை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டம் வெறும் அறிவுரை அல்ல, காரணமின்றி டத்தோ பண்டார் அதிலிருந்து விலக முடியாது என்பது அதன் சாரம். பூங்கா என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு மதிப்புண்டு என்று இப்போது எந்தத் தாமான் சங்கமும் சுட்டிக்காட்டலாம்.

தடைக்கம்பும் கூட்டுச் சொத்தும்

காவலுள்ள குடியிருப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு, சட்டமும் வெவ்வேறு. ஒன்று, ஸ்ட்ராட்டா பட்டா உள்ள வளாகம். உள்ளே இருக்கும் சாலையும் பூங்காவும் அங்குள்ளவர்களின் கூட்டுச் சொத்து. வெளியார் வர உரிமையில்லை. மற்றது சாதாரணத் தாமான். சாலையும் திடலும் பொதுச் சொத்து. பாதுகாப்புக்காகச் சங்கம் காவலாளி வைக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டாவது வகையில் ஊராட்சி மன்ற அனுமதி இன்றிக் காவல்குடிலோ தடைக்கம்போ வைக்கக் கூடாது. பொதுச் சாலையை அடியோடு மறிக்கவும் முடியாது. அனுமதியோடு வைத்த தடைக்கம்பு, வழியை மறிக்காதவரை, சாலைத் தடையாகாது என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. காவலுக்குப் பணம் கட்டாதவர் வீட்டுப் பிள்ளை அந்தத் திடலில் விளையாடுவதை யாரும் தடுக்க முடியாது. கட்டணம் தராதவரின் காரைக் கண்டால் கம்பைத் தூக்க மறுக்கும் காவலாளிகள் இதை அறிந்திருக்க வேண்டும், அவர்களைவிடச் சங்கத் தலைவர்கள்.

ஸ்ட்ராட்டா வளாகத்தில் நிலைமை நேர்மாறு. பராமரிப்புக் கட்டணம் கட்டாயம். அதில் 10 விழுக்காடு கூடுதலாகச் சேமநிதிக்குப் போகும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பும் பாக்கி இருந்தால் பொதுக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. விளையாட்டு இடத்தைக் கார் நிறுத்துமிடமாக மாற்றும் தீர்மானம் வரும்போது, பாக்கி வைத்தவர் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். தகராறு முற்றினால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். வழக்கறிஞர் செலவில்லாமல் நாமே போய்ப் பேசலாம்.

வீடுகளை வரிசையாக நிறுத்தாமல் ஒரு முற்றத்தைச் சுற்றிக் குழுவாக அமைக்கும் முறையும் இங்கே பேசப்பட்டிருக்கிறது. கட்டடக் கலைஞர் மஸ்லின் கசாலி முன்வைத்த தேன்கூட்டு வீடமைப்பு அப்படிப்பட்டது. முட்டுச் சந்தின் நடுவில் மரம் உள்ள பொது முற்றம், சுற்றிலும் வீட்டு வாசல்கள். சமையலறை சன்னலிலிருந்து பிள்ளை விளையாடுவதைப் பார்க்கலாம். விளம்பரங்களில் வரும் "கிளஸ்டர்" வீடு இதுவல்ல. அது பெரும்பாலும் முதுகோடு முதுகு ஒட்டிய நான்கு வீடு மட்டுமே. பொது முற்றம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

திடல் ஓரத்து மரத்துக்கும் சட்டம் உண்டு. சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கிறது சட்டம் 172. காய்ந்த மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தாமானில் ரம்பம் சத்தம் கேட்டால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம். அளவு நாடா இல்லையென்றால் வேட்டிக்கரையும் போதும்.