இருபத்தொரு நிமிடம்: தென்காசிக் கடிகாரமும் குழந்தைகளின் உறக்கமும்

கோடை பிறந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதும் குளிர் வந்தால் பின்னே இழுப்பதும் நம் ஊர் வழக்கமல்ல. ஆகவே, நேரம் மாறியதால் பிள்ளை தூங்கவில்லை என்ற குறை தென்காசியில் எழவே வாய்ப்பில்லை என்று தோன்றும். ஆனால் 1905க்கும் 1945க்கும் இடையில் இப்பகுதியின் கடிகாரமும் மூன்று முறை மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றங்களில் ஒன்று இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. தென்காசிக் குழந்தைகள் ஆண்டு முழுவதும் சிறியதொரு கோடைக்கால நேரத்துக்குள்தான் வளர்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடிகாரம் வருமுன் நாளை அளந்தது நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்கும். பஞ்சாங்கத்தின் உதயாதி நாழிகை இன்றும் அப்படித்தான். இந்த முறையில் பொழுது விடிவதும் நாள் தொடங்குவதும் ஒன்றே என்பதால், குழந்தை விழிக்கும் நேரம் கணக்கோடு முரண்பட வழியில்லை. (தினசரி நாட்காட்டியில் ராகுகாலம் ஆறு மணிக்கு உதயம் என்ற கணக்கில் அச்சாவதையும், தென்காசியில் ஜனவரிக் கடைசியில் 6.42க்குத்தான் சூரியன் எழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டோம் என்பது புரியும்.)

சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் 1802இல் நகரின் தீர்க்கரேகையைக் கணித்ததை ஒட்டிப் பிறந்தது சென்னை நேரம். கிரீன்விச்சைவிட அது 5 மணி 21 நிமிடம் முன்னே. பின்னாளில் இந்திய ரயில்கள் இதையே பின்பற்றின. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1904இல் முழுமை பெற்றபோது, அந்த நேரமும் மலையடிவாரத்துக்கு வந்தது. தென்காசியின் தீர்க்கரேகை கிழக்கே சுமார் 77.3 பாகை, அதன் சொந்தச் சூரிய நேரம் சென்னையைவிட 12 நிமிடம் பிந்தியது. புதிய பாதை சென்னை நேரத்தில் அதிக காலம் ஓடவில்லை. 1905 ஜூலை 1 முதல் ரயில்வேயும், 1906 ஜனவரி 1 முதல் பொது நிர்வாகமும் இந்தியத் திட்ட நேரத்துக்கு மாறின. கல்கத்தாவும் பம்பாயும் பல பத்தாண்டுகள் முரண்டு பிடித்தன. சென்னை தன் நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் இடையிலிருந்த ஒன்பது நிமிடத்தைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. தென்காசியில் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள இடைவெளி 12 நிமிடத்திலிருந்து 21 ஆனது.

அந்த 21 நிமிடத்தை அன்று எந்தக் குழந்தையும் உணர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஸ்டேஷனையும் கச்சேரியையும் பள்ளிக்கூடத்தையும் விட்டால் கடிகாரத்துக்கு ஊரில் அதிகாரம் இல்லை. பிள்ளையை உறங்க வைத்தவை வேறு: கால் நீட்டி உட்கார்ந்த ஆச்சி, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள், தலை துவட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவாள், வயிறு நிறைந்ததும் சேலைத் தொட்டிலில் இடுவாள். வெந்நீரில் சூடேறிய உடல் பிறகு மெல்லக் குளிரும்போது உறக்கம் வருகிறது என்பதை இன்றைய உடலியலும் சொல்கிறது. இந்த வரிசையில் மணி எங்குமே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கு மட்டுமே உண்டு.

பெரிய மாற்றம் போர்க்காலத்தில் வந்தது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதிவரை இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது. தென்காசியில் இடைவெளி 81 நிமிடம் ஆனது. கணக்குப் போட்டால், ஜனவரி இறுதியில் சூரிய உதயம் 7.42. விளக்குச் செலவைக் குறைப்பது இத்தகைய மாற்றங்களின் நோக்கம். ஆனால் பக்கத்துப் பாபநாசம் நீர்மின் நிலையமே 1944இல்தான் இயங்கத் தொடங்கியது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்திருந்த வீடுகளில் மிச்சம் பிடிக்க என்ன மின்சாரம் இருந்திருக்கும்? அடிப்படையிலேயே இது நம் அட்சரேகைக்குப் பொருந்தாத யோசனை. லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. தென்காசியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான்.

இதே தவறு ஐம்பது ஆண்டுகள் கழித்து இலங்கையில் நடந்தது. வறட்சியால் நீர்மின் உற்பத்தி சரிந்தபோது, 1996 மே 25 அன்று கடிகாரம் ஒரே அடியாக ஒரு மணி நேரம் முன்னே போனது. அக்டோபர் 26இல் அரை மணி நேரம் குறைத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இதை ஏற்காததால், வன்னியில் பழைய நேரம், தெற்கே புதிய நேரம் என்று ஒரே தீவில் இரண்டு மணிகள் ஓடின. கொழும்பில் ஜனவரி உதயம் ஏழு மணியை ஒட்டியது. பள்ளி தொடங்குவது 7.30க்கு என்றால், பிள்ளைகளை இருட்டில் எழுப்பி இருட்டிலேயே சாலைக்கு அனுப்பவேண்டும். பழைய நேரத்துக்குத் திரும்பவேண்டும் என்ற கோரிக்கையில் பெற்றோரின் இந்தக் குறை முக்கியமானது. பத்தாண்டு ஆகியும் உடல் கடிகாரத்துக்கு இணங்கவில்லை. கடைசியில் கடிகாரம்தான் இணங்கியது.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் இருட்டில் சுரக்கும், வெளிச்சத்தில் அடங்கும். பிறந்த குழந்தைக்கு இந்தப் பகலிரவுத் தாளம் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். சிறு குழந்தைகளின் கண்மணி பெரியது, கண்வில்லை தெளிவானது. எனவே வெளிச்சம் அவர்களை அதிகம் தாக்கும். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், உறங்கப்போகுமுன் பிரகாசமான வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் இருந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் மெலடோனின் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்தது. பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனாலும் டியூப் லைட்டுக்கு அடியில் போன் பார்க்கும் பிள்ளையைத் தொட்டிலில் இட்டு ஆட்டிக் கை வலிக்கும் தாய்க்கு இது செய்தி.

இன்று தென்காசிக் குடும்பங்கள் நியூ ஜெர்சியிலும் லண்டனிலும் மெல்போர்னிலும் இருப்பதால், கடிகார மாற்றம் வேறு வழியாக ஊருக்குள் வருகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பேத்தி இரவு எட்டு மணிக்குப் படுக்கப்போகும்போது, குளிர்காலத்தில் இங்கே காலை 6.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு கழிந்தால் 5.30. கோலம் போட்டு முடித்துத் தாலாட்டுப் பாட உட்காரும் ஆச்சிக்கு, போனின் மறுபக்கம் பிள்ளை எப்போதோ தூங்கிப்போன செய்தி கிடைக்கும். நவம்பர் முதல் ஞாயிறில் நிலைமை தலைகீழ். அப்போது பிள்ளை விடியுமுன்னே எழுந்து வீட்டையே எழுப்பிவிடும். பெரியவர்களுக்கு மார்ச் கஷ்டம், கைப்பிள்ளைக்காரர்களுக்கு நவம்பர்.

அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வழி எளியது. மாற்றத்துக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் நகர்த்துவது. படுக்கையை மட்டுமல்ல, குளியல், சாப்பாடு, பகல் தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்து. காலையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவது, மாலையில் விளக்கைத் தணிப்பது. இரவில் தூங்கட்டுமே என்று பகல் தூக்கத்தைப் பறித்தால் களைப்பு மிஞ்சி இரவு அழுகைதான் கூடும். ஒன்று முதல் இரண்டு வயதுவரை 11 முதல் 14 மணி நேரமும், மூன்று முதல் ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை என்ற அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2016 கணக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்ததே. ஆச்சியின் எண்ணெய், வெந்நீர், சாம்பிராணி வரிசையை அப்படியே எடுத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிவைத்தாலும் வேலை நடக்கும்.

தென்காசியின் 21 நிமிடத்துக்கு வருவோம். பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி, தமிழ்நாடும் இடம்பெற்ற 1998–99 இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்து, சூரிய மறைவு ஒரு மணி நேரம் பிந்தினால் பள்ளிப் பிள்ளைகளின் உறக்கம் சுமார் அரை மணி நேரம் குறைகிறது என்று காட்டினார். பிந்தி இருட்டினால் பிந்தித் தூங்குகிறார்கள். பள்ளி மணி மட்டும் பிந்துவதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கே பாதிப்பு அதிகம். சென்னைக்கும் தென்காசிக்கும் 12 நிமிட வித்தியாசம்தான், பெரிதல்ல. மேற்கே மலை நிற்பதால் குற்றாலத்தில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும் என்பதையும் கழித்துக்கொள்ளவேண்டும். சாரல் மாதங்களில் அந்திக்கு முன்பே மங்கிவிடும். ஆனால் மலை மறைப்பது மாலை வெயிலை மட்டுமே. காலை உதயத்தை முந்த வைக்க அதனால் ஆகாது.

பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தியக் கடிகாரத்தை நிரந்தரமாக அரை மணி நேரம் முன்னே தள்ளலாம் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். வடகிழக்கு மாநிலங்களுக்கு அதில் நியாயம் உண்டு. தென்காசியில் அதன் பொருள் 51 நிமிட இடைவெளி. ஜனவரி இறுதியில் 7.12க்கு உதயம். பள்ளி வேன் ஏழரைக்கு வாசலில் நிற்கும் வீட்டில், எல்.கே.ஜி. பிள்ளையை ஆறரைக்கு இருட்டில் எழுப்பவேண்டியிருக்கும்.